தெலுக் இந்தானின் 76 நிமிடம்

சாய்ந்த கோபுரத்துக் கடிகாரம் பகல் 12 காட்டும்போது, மலேசியாவில் நம் ஊரான தெலுக் இந்தானில் சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். ஆண்டுச் சராசரியில் தெலுக் இந்தானின் உண்மையான உச்சிப்பொழுது பகல் 1:16. பிப்ரவரி நடுவில் 1:30 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 1 மணிக்கே வந்துவிடும்.

கணக்கு எளிது. பூமி தன்னைச் சுற்ற 24 மணி நேரம், சுற்று 360 பாகை. ஆக ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் ஊர் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 101.02 பாகையில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 404 நிமிடம், அதாவது 6 மணி 44 நிமிடம். இந்த மண்ணின் சொந்த நேரம் கிரீன்விச்சைவிட அவ்வளவு முந்தியது. சட்டம் நமக்குக் கொடுத்திருப்பதோ 8 மணி. இடைவெளி 76 நிமிடம்.

8 மணிக்கு உரிய கோடு கிழக்கே 120 பாகை. அது மலேசிய நிலத்தை எங்கும் தொடவில்லை. சபாவின் கிழக்கு முனையையும் தாண்டி, சுலாவெசி வழியாகவும் லூசோன் தீவின் மேற்கு ஓரமாகவும் போகிறது. 15 பாகைக்கு ஒரு மணி என்று நேராகப் பிரித்தால் தீபகற்பம் 7 மணி வட்டாரத்தில் விழும். பாடாங் பெசாரைத் தாண்டினால் தாய்லாந்து 7 மணியில் இருக்கிறது, நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் மேடானும் 7 மணியில்தான். நாம் மட்டும் 8.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி உலகை நேர வட்டாரங்களாகப் பிரித்தன என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அங்கே முடிவானது கிரீன்விச் கோட்டைச் சுழியாகக் கொள்வதும், அங்கிருந்து தொடங்கும் ஓர் உலக நாளும்தான். நேர வட்டாரத்தை எந்த மாநாடும் எந்த நாட்டுக்கும் விதிக்கவில்லை. நடுக்கடலில் கப்பல்களுக்கு 15 பாகைக் கணக்கு பொருந்தும். நிலத்தில் அந்தந்த அரசின் சட்டமே நேரம். அதனால்தான் இந்தியாவுக்கு 5:30, நேபாளத்துக்கு 5:45, கிரிபாட்டியின் கிழக்குத் தீவுகளுக்கு 14.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் சட்டம் கடிகார முள்ளைப் பல தடவை நகர்த்தியிருக்கிறது. அது தெரியாமல் தாத்தா பாட்டியின், அப்பா அம்மாவின் பிறந்த நேரத்தைக் கணினியில் தட்டி ஜாதகம் எடுப்பவர்கள் இன்றும் தவறான லக்னத்தோடு (பிறக்கும்போது கிழக்கில் உதிக்கும் ராசி) திரும்புகிறார்கள். திருத்தக்கூடிய பிழை இது. திருத்தாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

முள் நகர்ந்த வரிசையை உச்சிப்பொழுதை வைத்தே சொல்கிறேன், அப்போது மனதில் நிற்கும்.

1901 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரின் சராசரி நேரம், 6 மணி 55 நிமிடம் 25 நொடி, நம் பேராக் மாநிலம் அடங்கிய மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கும் வந்தது. அப்போது இங்கே உச்சி 12:11. 1905 ஜூன் 1-இல் அதை முழு 7 மணியாக்கினார்கள், உச்சி 12:16. அந்தக் காலத்தில்தான் கடிகாரமும் சூரியனும் ஏறக்குறைய ஒத்துப்போயின. 1933 ஜனவரி 1 முதல் பகலொளிச் சேமிப்பு என்று 20 நிமிடம் கூட்டி 7:20 ஆனது. 1936-இல் அதையே நிலையான நேரமாக்கினார்கள், உச்சி 12:36. 1941 செப்டம்பர் 1-இல் 7:30, உச்சி 12:46.

பிறகு ஜப்பானியர். சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள், 1942 பிப்ரவரி 16 முதல் தோக்கியோ நேரம், 9 மணி. உச்சி பகல் 2:16. விடியலே கடிகாரத்தில் 8 மணிக்குப் பிறகுதான். 1945 செப்டம்பர் 12-இல் மறுபடியும் 7:30. அது 36 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சபா, சரவாக்கோடு தீபகற்பத்தை ஒரே நேரத்தில் இணைக்க, 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்கு முள்ளை நேராக 12-க்குத் தள்ளினார்கள். அந்த இரவில் 11:30-க்கும் 12-க்கும் இடைப்பட்ட அரை மணி நேரம் தீபகற்பத்தில் நடக்கவே இல்லை. சிங்கப்பூரும் கூடவே மாறியது.

நினைவில் வைக்க இன்னொரு கொக்கி: தெலுக் ஆன்சன் என்ற ஊர்ப்பெயர் தெலுக் இந்தான் ஆனதும் 1982-இல்தான். பத்திரத்தில் பிறந்த ஊர் தெலுக் ஆன்சன் என்று இருந்தால், 8 மணிக் கணக்கைப் போடுமுன் ஒரு கணம் நின்று தேதியைப் பாருங்கள்.

இனி மாற்றும் முறை. பிறப்புப் பத்திரத்தில் உள்ள நேரத்திலிருந்து அந்தத் தேதியில் நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட முந்தியிருந்த மணியைக் கழியுங்கள். உலக நேரம் கிடைக்கும். சூரியக் கணக்கு வேண்டுமானால் அதோடு 6 மணி 44 நிமிடம் கூட்டுங்கள். 1975 மே 10 காலை 6:10 என்று வைத்துக்கொள்வோம். 7:30-ஐக் கழித்தால் உலக நேரம் மே 9 இரவு 10:40. 6:44 கூட்டினால் ஊர் நேரம் மே 10 காலை 5:24. செயலி தானாக 8 மணியைக் கழித்தால் 10:10 என்று வரும். பிழை 30 நிமிடம்.

30 நிமிடம் பெரிதா? லக்னம் ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. 30 நிமிடத்தில் 7.5 பாகை, ஒரு ராசியின் கால் பங்கு. ராசியின் ஓரத்தில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிடும். நவாம்சம் என்பது ராசியின் ஒன்பதில் ஒரு பங்கு, 3 பாகை 20 கலை, சுமார் 13 நிமிடம். அதில் இரண்டு கட்டம் தாவிவிடும். நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது, ஏனென்றால் சந்திரன் அரை மணியில் நகர்வது கால் பாகையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனால் தசை இருப்பு (பிறக்கும்போது நடக்கும் தசையில் மிஞ்சிய காலம்) மாறும். 20 ஆண்டு சுக்கிர தசையில் பிறந்தவருக்கு அந்தச் சிறு நகர்வே சுமார் 5 மாத வித்தியாசம். ஜப்பான் காலத்துப் பிறப்பை 7:30 என்று எடுத்தால் பிழை 90 நிமிடம், முக்கால் ராசி. 1943-இல் காலை 6:10 என்று எழுதியிருந்தால் சூரியக் கணக்கில் அது 3:54, நல்ல இருட்டு.

இதில் ஒரு மூலை சிக்கலானது. பேராக் 1942 ஜனவரியிலேயே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. மேலே சொன்ன தேதி பிப்ரவரி 16. இடைப்பட்ட வாரங்களில் பிறந்தவர்களுக்கு 7:30, 9 இரண்டையும் போட்டுப் பார்த்து, பெரியவர்கள் சொன்ன சூழலோடு ஒத்துப்பார்ப்பதே நேர்மை. "கோழி கூவுற நேரம்", "பெரட்டுக்குப் போன பிறகு" (பெரட்டு என்பது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) என்று யாராவது சொல்லியிருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, விடிகாலைக் குளிர்ச்சியை நம்பிய வேலை. மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். அந்த வேலை சூரியனோடு கட்டப்பட்டது. கடிகாரத்தை யார் எங்கே வைத்தாலும் மரம் கேட்காது. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முந்திய 'பாகான் நேரம்' வைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

செயலிகளைப் பற்றி ஒரு சொல். கணினிகள் நம்பியிருக்கும் நேர வட்டாரத் தரவுத்தொகுப்பில் மேலே சொன்ன மாற்றங்கள் 'ஆசியா/சிங்கப்பூர்' என்ற பெயரில் இருக்கின்றன. 'ஆசியா/கோலாலம்பூர்' இப்போது அதற்கே ஓர் இணைப்பு. அதை முறையாகப் படிக்கும் செயலி 1975-க்குத் தானாகவே 7:30 எடுக்கும். சோதிக்க வழி உண்டு: ஒரே ஊர், ஒரே மணி, 1981 டிசம்பர் 30, 1982 ஜனவரி 2 என்று இரண்டு தேதி கொடுங்கள். சூரிய உதயம் இரண்டுக்கும் அரை மணி வேறுபட வேண்டும். ஒரே மாதிரி வந்தால் அந்தச் செயலிக்குப் பழைய நேரம் தெரியாது. நேர வட்டாரத்தைக் கையால் 7.5 என்று போடுங்கள். 7.30 என்று போட்டுவிடாதீர்கள். பல செயலிகள் அதை 7 மணி 18 நிமிடமாக எடுத்துக்கொள்ளும். 7:20 காலத்துக்கு 7.333.

சரி, கழித்து வரும் அந்த உலக நேரம் எங்கிருந்து வருகிறது?

அதைக் காட்டும் தலைமைக் கடிகாரம் என்று ஒன்று உலகில் எங்கும் இல்லை. கேட்டால் பலர் நம்புவதில்லை. 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் 133 அணுவின் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு 9,192,631,770 தடவை அலையும் காலம். 80-க்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்களில் நானூறுக்கும் அதிகமான அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. செயற்கைக்கோள் வழியாக ஒன்றையொன்று ஒப்பிட்டு, அந்த அளவுகளைப் பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு எடைகள் அளவுகள் பணியகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே எடையிட்ட சராசரி எடுக்கிறார்கள். சீராக, முன்கணிக்கத்தக்கதாக ஓடும் கடிகாரத்துக்கு எடை கூடுதல். தாறுமாறாக ஓடுவதற்குக் குறைவு. கடிகாரத்தின் உயரத்துக்கும் திருத்தம் உண்டு. மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதால் காலம் வேகமாக ஓடும். 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அமெரிக்காவின் போல்டர் நகரக் கடிகாரங்கள் கடல் மட்டத்தைவிட ஆண்டுக்கு 5 மைக்ரோநொடிக்கு மேல் முந்துகின்றன. அதைக் கழிக்காவிட்டால் சராசரியே கெட்டுவிடும்.

இந்தச் சராசரி அணுநேரத்தோடு நெட்டை நொடிகளை (லீப் செகண்ட், அவ்வப்போது கூடுதலாகச் சேர்க்கும் நொடி) சரிசெய்தால் வருவதுதான் ஒருங்கிணைந்த உலக நேரம், யு.டி.சி. மாதம் ஒரு முறை பணியகம் அறிக்கை வெளியிடுகிறது: போன மாதம் ஒவ்வோர் ஆய்வுக்கூடத்தின் கடிகாரமும் எத்தனை நானோநொடி விலகியிருந்தது என்று, 5 நாளுக்கு ஒரு புள்ளியாக. ஆக மிகச் சரியான உலக நேரம் என்பது கடந்துபோன மாதத்துக்குத்தான் தெரியும். இந்த நிமிடத்துக்கு நம்மிடம் இருப்பதெல்லாம் அதற்கு மிக அருகில் ஓடும் நாட்டுக் கடிகாரம். மலேசியாவின் கடிகாரம் செப்பாங்கில், தேசிய அளவியல் கழகத்தில் இருக்கிறது. மாத அறிக்கையில் செப்பாங் என்ற பெயருக்கும் ஒரு வரி உண்டு.

நெட்டை நொடி ஏன்? பூமி அணுவைப் போல் சீராகச் சுற்றுவதில்லை. இரண்டுக்கும் இடையே 0.9 நொடிக்கு மேல் விலகல் வராதபடி 1972 முதல் ஜூன் அல்லது டிசம்பர் கடைசியில் ஒரு நொடி சேர்த்து வந்தார்கள். இதுவரை 27. தொடக்கத்தில் இருந்த 10 நொடியோடு சேர்த்து யு.டி.சி. இப்போது அணுநேரத்தைவிட 37 நொடி பின்னால் இருக்கிறது. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 முடிவில். நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை 8 மணிக்கு முன்பு, 7:59:60 என்று வந்தது. கணினிகளுக்கு 60-ஆவது நொடி ஒவ்வாது. 2012-இல் ஒரு நெட்டை நொடி பல லினக்ஸ் சர்வர்களைத் திணறவைத்தது. 2035-க்குள் அந்த 0.9 நொடி வரம்பைத் தளர்த்துவது என்று 2022-இல் நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 76 நிமிடம் தள்ளி வாழும் நமக்குச் சூரியனோடு ஒரு நொடி விலகுவது பெரிய காரியமில்லை.

லாரியில் மாட்டும் ஜி.பி.எஸ். கருவி சில சமயம் 18 நொடி முந்திக் காட்டுவதும் இதனால்தான். ஜி.பி.எஸ்.ஸின் சொந்த நேரத்தில் 1980-க்குப் பிந்தைய நெட்டை நொடிகள் இல்லை. திருத்த எண் செய்தியோடு வந்துசேர 12.5 நிமிடம் வரை பிடிக்கும். வானம் தெரியும் இடத்தில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். தேதியே ஏறத்தாழ 20 ஆண்டு பின்னால் போயிருந்தால் அது வேறு கோளாறு: பழைய கருவிகள் 1,024 வாரத்துக்கு மேல் எண்ணத் தெரியாதவை. அந்த எண்ணிக்கை 2019 ஏப்ரலில் சுழிக்குத் திரும்பியது.

அலுவலகச் சுவர்க் கடிகாரம் மாதம் சில நொடி தவறினால் அதன் மேல் கோபப்படாதீர்கள். உள்ளே நொடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் துண்டு 25 டிகிரி வெப்பத்துக்கு ஏற்றபடி வெட்டப்பட்டது. அதிலிருந்து 10 டிகிரி ஏறினால் மாதத்துக்கு சுமார் 9 நொடி பின்தங்கும். தகரக் கூரைக்கு நேர் கீழே மாட்டாமல், காற்றோட்டமான உள்சுவரில் மாட்டுங்கள். கைரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி மின்சாரம் போய்வந்ததும் பழைய தேதிக்குப் போனால் உள்ளிருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். இணையம் வழி நேரம் எடுக்கும்படி வைத்தும் சரியாக 8 மணி பின்னால் காட்டினால், நேரம் சரியாகத்தான் வருகிறது, வட்டாரம் சுழியில் நிற்கிறது. கைமுறையாக 8 மணி தள்ளிவைக்காதீர்கள். அடுத்த தடவை இணையத்தைத் தொட்டதும் பழையபடி ஆகிவிடும். வட்டார அமைப்பில் +8 வையுங்கள்.

பஞ்சாங்கத்துக்கு வருவோம், நம் ஆலயங்களிலும் வீடுகளிலும் அதிகம் குழம்புவது இங்கேதான். தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தில் இரண்டு வகை நேரம் இருக்கிறது. திதி, நட்சத்திரம், யோகம், கரணம் வானத்தில் நடப்பவை. உலகம் முழுவதற்கும் ஒரே கணம். அவற்றின் முடிவு மணியோடு 2 மணி 30 நிமிடம் கூட்டினால் மலேசிய நேரம். அமாவாசை இரவு 10:50 வரை என்று அச்சாகியிருந்தால் நமக்கு மறுநாள் அதிகாலை 1:20 வரை. நாழிகையில் கொடுத்திருந்தால் அது அந்த ஊர் உதயத்திலிருந்து எண்ணியது. முதலில் அந்த ஊர் மணியாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். நாழிகைக்கு 24 நிமிடம்.

ராகு காலம், எமகண்டம், குளிகை, லக்னம் அப்படியல்ல. அவை அந்தந்த ஊர் சூரியனுக்கு உரியவை. சென்னைக்கும் நமக்கும் தீர்க்கரேகை வேறுபாடு 83 நிமிடம். 2:30-இலிருந்து அதைக் கழித்தால் 67 நிமிடம். சென்னைக்குக் கணித்த லக்ன நேரத்தோடு சுமார் 1 மணி 7 நிமிடம் கூட்டினால் இங்கே பொருந்தும். அட்சரேகை வித்தியாசத்தால் சில நிமிடம் முன்பின் இருக்கும். முகூர்த்தம் ஓரத்தில் விழுந்தால் தெலுக் இந்தானுக்கே தனியாகக் கணிக்கச் சொல்லுங்கள். 2:30 கூட்டினால் அடுத்த லக்னத்தில் தாலி கட்டும் நிலை வரும்.

ராகு காலத்துக்கு 'திருநாள் சந்தடியில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வாக்கு நமக்குத் தெரியும். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. பகலை எட்டாக்கி, இரண்டாம் பங்கிலிருந்து வரிசையாக. நாள்காட்டியில் அச்சிடும் வெள்ளி 10:30 முதல் 12 வரை என்பது உதயம் 6 மணி, உச்சி 12 என்று கொண்ட கணக்கு. நமக்கு அது சராசரியாக 11:46 முதல் 1:16 வரை. திங்கள் 7:30 முதல் 9 என்பது இங்கே 8:46 முதல் 10:16. நம் ஊரில் காலை 7:30-க்குச் சூரியன் அப்போதுதான் எழுந்திருக்கும், சில மாதங்களில் எழுந்தும் எழாமலும் இருக்கும். அதற்குள் பகலின் இரண்டாம் பங்கு எப்படித் தொடங்கும்? அச்சிட்ட மணியை அப்படியே பின்பற்றுகிறவர்கள் ராகு காலத்தின் பெரும்பகுதியில் காரியம் செய்துவிட்டு, நல்ல நேரத்தில் காத்திருக்கிறார்கள்.

விரத நாளும் சில சமயம் மாறும். உதயத்தில் இருக்கும் திதியே அந்த நாளின் திதி என்று கொள்ளும் விரதங்களில், நமக்கு விடியும்போது இந்திய நேரம் ஏறத்தாழ 4:45. அங்கே உதயமாக இன்னும் ஒரு மணிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிக்குள் ஒரு திதி பிறந்தால், சென்னைக்கு அது இன்று, நமக்கு நாளை. ஆலய அறிவிப்புப் பலகை இரண்டு ஊரில் இரண்டு தேதி காட்டினால் இரண்டும் சரியாக இருக்கலாம்.

76 நிமிடத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. பூமத்திய ரேகைக்கு 4 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு நாள் நம் தலைக்கு நேர் மேலே வரும்: மார்ச் 31 அளவில் ஒரு முறை, செப்டம்பர் 12 அளவில் ஒரு முறை. நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி, ஒரு மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தின் சாய்வான மண்ணைவிடப் பள்ளித் திடலின் சிமெண்டுத் தளம் நல்லது. பகல் 12 மணிக்கு நிழல் மேற்கே ஓர் அடிக்குக் குறையாமல் கிடக்கும். 1 மணிக்குப் பிறகு 2 நிமிடத்துக்கு ஒரு முறை அதன் நுனியைக் குறியுங்கள். மார்ச்சில் 1:20-க்கும் செப்டம்பரில் 1:12-க்கும் நிழல் குச்சியின் அடியில் ஒடுங்கி மறையும். அந்த 8 நிமிட வேறுபாடு குச்சியின் பிழையல்ல. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால் வருவது.